கோகிலவாணியின் முதுகு

அந்த ஊருக்கு மார்கழி பிறந்தால் காலையில் கண் தெரியாது. சிங்காநல்லூர்க் குளத்திலிருந்து பனி எழுந்து ரோட்டுக்கு வரும், ரோட்டிலிருந்து சந்துக்கு வரும், சந்திலிருந்து மனுஷர்களின் கண்ணுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பஸ்காரருக்கு லாரி தெரியும், லாரிக்காரருக்குக் கார் தெரியும், கார்க்காரருக்கு அதைவிடப் பெரிய கார் தெரியும், சைக்கிள் மட்டும் யாருக்கும் தெரியாது. பனி இல்லாத நாளிலும் தெரியாதுதான். அதை ஒத்துக்கொள்ள ஒருத்தருக்கும் மனசு வராது என்பதால் பழியைப் பனி மேலேயே போட்டு வைப்போம்.

ஒண்டிப்புதூரிலிருந்து ஆவாரம்பாளையத்துக்குத் தினமும் விடியும் முன்னே சைக்கிளில் கிளம்பிப் போனவள் கோகிலவாணி. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விட்டதற்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது, பிடிக்கவில்லை, விட்டாள். மோட்டார் பம்புக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலை. அவள் ஓட்டிய சைக்கிள் அவளுடையது இல்லை, அக்கா தமயந்தி பதினொன்றாவது படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. தமயந்தி அந்தச் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஏசி மாட்டுகிற பையன் ஒருத்தனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு சரவணம்பட்டிக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றபோது அம்மா சரோஜினி, தெருவே கேட்க, "இந்த ஜென்மத்துல என் மூஞ்சில நீ முழிக்கக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அப்பா வடக்கே லோடு அடிக்கிற லாரியில் இருந்தார், ஊர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சரவணம்பட்டி ஒன்றும் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் யாரும் போகவில்லை, அவளும் வரவில்லை.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு டவுன் பஸ் கோகிலவாணியை முழங்கையால் இடிக்கிற மாதிரி இடித்து மணல் குவியலில் தள்ளியது. டிரைவர் தங்கவேல் பதறி இறங்கி வந்தார். நல்ல மனுஷன், முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"தெரியலீங் அம்மிணி" என்றார்.

"எனக்கு நீங்க தெரியறீங்கல்லங்ணா? ஒரு வீடே நகர்ந்து வர்ற மாதிரித் தெரியறீங்க."

"சத்தியமாத் தெரியல கண்ணு. லைட்டு இல்ல, ஒண்ணுமில்ல, கருப்புச் சொட்டர் வேற போட்டிருக்கற. ஒரு லைட்டு வாங்கு, மினுங்கற மாதிரிக் கோட்டு ஒண்ணு வாங்கு."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. தப்பு யாருடையது என்று பேசிக்கொண்டிருந்தால் கம்பெனிக்கு நேரமாகும். ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் ஹபீப் பாயின் சைக்கிள் சாமான் கடைக்குப் போனாள்.

லைட்டு எடுக்கவே வெயில் ஏறிவிட்டது. டைனமோவைக் காட்டினார், அது டயரைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது, மிதிக்கிறவள் உயிரை எடுக்கிறது, சிக்னலில் நின்றால் அணைந்து போகிறது, நிற்கும்போதுதானே இடிப்பார்கள் என்று வேண்டாம் என்றாள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுகிற ஒன்றைக் காட்டினார், சைக்கிளா பிரியாணிக் கடையா என்று சந்தேகம் வரும் என்று வேண்டாம் என்றாள். கடைசியில் சார்ஜ் போடுகிற வெள்ளை லைட்டு முன்னால், விடாமல் எரிகிற சிவப்பு லைட்டு பின்னால் என்று முடிவானது. "முன் லைட்டைத் தரையப் பாத்து வெய்யி, மேல தூக்கி வெச்சா எதிர்ல வர்றவன் கண்ணு கூசி உம்மேலயே வந்து உளுவான்" என்றார் பாய். சரிங் என்றாள்.

கோட்டுதான் தகராறு.

முதலில் ஆரஞ்சுக் கோட்டை எடுத்துப் போனாள். பளிச்சென்று தெரிந்தது, சந்தேகமில்லை, ஆனால் தெரிந்தது அவள் இல்லை. காமராஜர் ரோட்டில் ஒவ்வொரு கேட்டும் திறந்து ஒவ்வொரு பையாக வெளியே நீண்டது. "நேத்து ஏம்மா வரல?" என்று ஒரு அடுக்குமாடி வீட்டு அம்மா குப்பையோடு வழி மறித்தாள். "நான் காயில் சுத்தறவங்க" என்றாள் கோகிலவாணி. "அதனாலென்ன, போற வழிதான?" என்றாள் அந்த அம்மா. வாதம் செய்வதைவிட வாங்கிக்கொண்டு போவது சீக்கிரம் முடியும் என்று வாங்கிக்கொண்டாள், அடுத்த கேட்டிலும் வாங்கிக்கொண்டாள், கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ஊர்க் குப்பை தொங்கியது.

அடுத்த வாரம் அதைக் கொடுத்துவிட்டு இளம்பச்சைக் கோட்டு எடுத்தாள். ஹோப்ஸ் சிக்னலில் தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள், நாலு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. கையை இறக்கினால் எந்தப் பக்கம் போகச் சொல்கிறாள் என்று தெரியாமல் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஹெல்மெட் போடாத ஒருத்தர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "பொண்ணுக்குக் காய்ச்சல்ங்க மேடம், இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க" என்று கண் கலங்கினார். "போங்க போங்க" என்று விட்டுவிட்டாள். வேறென்ன செய்வது?

"உனக்கு எத்தன சோலிடி?" என்று கேட்டாள் கம்பெனி சூப்பர்வைசர் புஷ்பராணி. "குப்ப எடுக்கற, டிராபிக் பாக்கற, நேரமிருந்தா காயிலும் சுத்தற."

மறுபடி உக்கடம். "வேற காட்டுங் பாய்."

"ஏம்மா, மாப்பிள்ள பாக்கறவங்க கூட இத்தன தரம் வரமாட்டாங்க. கோட்டுதான?"

"போட்டா நான் தெரியணும். வேற யாராவதாத் தெரியக் கூடாது. அவ்வளவுதானுங்."

பாய் சாக்குக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கோட்டை உருவினார். எலி நிறம். முதுகில் ஒரு பட்டை, அதுவும் மங்கல். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது, யாரும் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை. அவள் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள். பாய் டார்ச்சை அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து டியூப்கள் தொங்குகிற சுவரைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போம்மா" என்றார். அவருக்கு வாயுத் தொல்லை என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியலில் அவள் பின்னால் தங்கவேல் ஓட்டிய பஸ் வந்தது, பஸ்ஸின் ஹெட்லைட் சாம்பல் கோட்டின் மேல் விழுந்தது, விழுந்ததும் தங்கவேலுக்கு முன்னால் சைக்கிளில் அவருடைய சம்சாரம் ஜெயக்கொடி போய்க்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி உயிரோடிருந்த காலத்தில் சைக்கிள் சீட்டில் ஒரு தரம்கூட உட்கார்ந்தது கிடையாது, ஆனாலும் இப்போது ரொம்ப நாள் பழகினவள் மாதிரி, ஈரத்தலையைத் துண்டில் முடிந்துகொண்டு, அவசரமே இல்லாமல் மிதித்துப் போனாள். தங்கவேல் கியரைக் குறைத்தார். முந்தவில்லை. பின்னாலிருந்து கண்டக்டர் வந்து ஏனுங்க இப்படி உருட்டறீங்க என்று கேட்க வாயெடுத்து, கண்ணாடி வழியே முன்னால் பார்த்து, கேட்காமல் நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்தது வேறு ஆள். முன் சீட்டில் இருந்தவர்கள் எழுந்தார்கள், பின் சீட்டில் இருந்தவர்கள் அவர்கள் தோள் வழியே எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தர் எங்கப்பா என்றார், இன்னொருத்தர் உங்கப்பாவா, அது எங்க சின்னம்மாங்க என்றார், பூ மூட்டையோடு நின்ற பெண் மட்டும் மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டாள். அவரவர் நெஞ்சில் யார் இருந்தார்களோ அவர் முதுகு. அவ்வளவுதான் விஷயம். எப்படி என்று கேட்காதீர்கள், ஊர்க்காரர்களே கேட்கவில்லை.

நெஞ்சில் இருப்பதெல்லாம் பிரியப்பட்டவர்கள்தான் என்றும் நினைக்க வேண்டாம். வெள்ளைக் காரில் வந்த ஒருத்தர், சொத்துப் பாகத்தில் ஏமாற்றிய தன் தம்பியின் முதுகைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார், அப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே வரவில்லை.

ஹோப்ஸ் சிக்னலில் காலை ஊன்றிய கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். குளம் வரைக்கும் வண்டிகள், எல்லா வண்டியிலும் லைட்டு எரிந்தது, ஒரு சத்தமில்லை.

"என்னங்ணா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் தங்கவேல் ஜன்னல் வழியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ போ. திரும்பாத."

கம்பெனியில் புஷ்பராணிதான் சொன்னாள். அவளும் அந்த பஸ்ஸில் வந்தவள். கரண்டு எப்போது வரும் என்று சொல்கிற அதே குரலில், "உம்முதுகுல எங்கண்ணனப் பாத்தேன். கெணத்துல போனானே, அவன். முழுக்கைச் சட்ட போட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு, "காயில் அளவு பாத்துச் சுத்து" என்று நகர்ந்தாள்.

அதற்கப்புறம் ஊர் பழகிக்கொண்டது. ஒரு ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் போகிற காரியம் கெடும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கினவரைக் கூப்பிடாமல் ஓடிப்போய் முன்னால் நின்று சாவியைக் கொடுக்கிற ஊர் அது. அதனால் கோகிலவாணியின் பின்னால் போனவர்கள் கூப்பிடவில்லை. ஜெயக்கொடி என்று கூப்பிடவில்லை, அப்பா என்று கூப்பிடவில்லை, நெஞ்சு வரைக்கும் வந்த பெயரை எச்சிலோடு விழுங்கினார்கள். ஹார்ன் அடிப்பதும் கூப்பிடுவதுதான் என்று யாரோ சொன்னார்கள், சொன்னது சரியாகப்பட்டது, அன்றோடு அந்த ரோட்டில் ஹார்ன் நின்றது. லாரிக்காரர்கள்கூட அடிக்கவில்லை. ஹார்ன் நின்றதும் இத்தனை நாளாக அதற்கடியில் கிடந்த சத்தமெல்லாம் மேலே வந்தது, டீக்கடையில் பாலை ஆற்றுகிற சத்தம், குளத்தில் நீர்க்கோழி முங்குகிற சத்தம், யாரோ ஒரு வீட்டில் சீப்பு முடியில் இறங்குகிற சத்தம். ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள், அதன் கூவலை யாரும் யாரையும் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடங்கள் முதல் மணியைத் தள்ளி வைத்தன. ஆபீஸ்களில் காமராஜர் ரோடு என்று சொன்னால் தாமதத்துக்குக் காரணம் கேட்பதில்லை. திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வண்டியில்லாதவர்கள் டார்ச்சோடு ஓரத்தில் நின்றார்கள், வெளிச்சம் பட்டால்தான் தெரியும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது, கண் ஆபரேஷன் ஆனவர்களுக்காகப் பக்கத்தில் நிற்பவர்கள் டார்ச்சடித்துக் கொடுத்தார்கள். போகும்போது பார்க்க முடியாதவர்கள் பொழுது சாய்ந்து அவள் திரும்பும்போது பார்த்தார்கள். முதுகைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள். ராத்திரியில் வீட்டு வாசலில் யாரோ அவள் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் தும்மினாள், மறுநாள் வாசலில் தூதுவளை ரசம் தூக்குப் பாத்திரத்தில் சூடாக இருந்தது.

அவளைக் கோட்டுப் புள்ள என்று கூப்பிட்டார்கள். கோட்டுப் புள்ள இன்னிக்கு வந்துருச்சா, கோட்டுப் புள்ளைக்கு நாளைக்கு லீவாமா. பெயர் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

எல்லாரும் பார்த்தார்கள். பார்த்ததில் எதிலும் அவள் இல்லை. எப்போதாவது பொறுக்க முடியாத யாராவது ஒருத்தர் முந்திக்கொண்டு முன்னால் வந்து திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஸ்கூட்டிக்காரி அப்படி வந்தாள், கண்ணெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தாள், வந்து பார்த்தால் மூக்கு ஒழுகிக்கொண்டு மிதிக்கிற கோகிலவாணி. அடுப்பை அணைத்ததும் பால் இறங்குகிற மாதிரி அந்த முகம் இறங்கியது. "நீயா" என்றுகூடச் சொல்லவில்லை, நீயா என்று சொல்லவாவது அவள் யாரென்று தெரிந்திருக்க வேண்டுமே. தினமும் ஒரு முகமாவது அப்படி இறங்கியது. கோகிலவாணி அழுகிற ஆள் இல்லை, ஆனால் ஆவாரம்பாளையம் போய்ச் சேரும்போது முழு ஷிஃப்டு பார்த்த களைப்பு இருந்தது.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது வீட்டில் இருந்தது. அவள் கிளம்பும்போது கட்டிலைவிட்டு எழுந்திருக்காத அம்மா, இப்போது சந்து முனை வரைக்கும் வந்தாள். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு. வழியனுப்ப வருகிற மாதிரி வந்து, சைக்கிள் நகர்ந்ததும் டார்ச்சை அவள் முதுகுக்குத் தூக்குவாள், வளைவு திரும்புகிற வரைக்கும் அந்த வெளிச்சம் முதுகில் சூடாக இருக்கும். யாரைப் பார்க்கிறாள் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் கேட்காமல் இருக்கிற பழக்கம் கோகிலவாணிக்குக் கிடையாது.

"அக்காளத்தான பாக்கற?"

அம்மா தோசையைத் திருப்பினாள். "ஆமா."

"மூஞ்சில முழிக்கக் கூடாதுன்ன."

"மூஞ்சிலதான முழிக்கக் கூடாதுன்னேன்? முதுகப் பத்தி நான் என்ன சொன்னேன்?"

"நான் போறப்ப ஒரு நாளாவது நான் தெரிஞ்சனா?"

அம்மா அடுப்பைக் குறைத்தாள். "நீதான் இங்கயே இருக்கறயே" என்றாள், தட்டில் தோசையை வைத்துக்கொண்டே. பதில் சரியாகத்தான் இருந்தது. தோசை இறங்கவில்லை.

மறுநாள் கோகிலவாணி கோட்டைப் போடாமல் கிளம்பினாள். சந்து முனையில் அம்மா டார்ச்சைத் தூக்கினாள், பழைய கருப்புச் சொட்டரைப் பார்த்தாள், இறக்கினாள். ரோட்டில் பனி, முன்னால் வெள்ளை லைட்டு, பின்னால் சிவப்பு லைட்டு, லைட்டுகள் அவை பாட்டுக்கு எரிந்தன. ஒரு வேன் உரசிக்கொண்டு போனது, இன்னொன்று ஓரம் கட்டச் சொல்லி ஹார்ன் அடித்தது. ஹார்ன் நின்ற நாளிலிருந்து அந்த ரோட்டில் கேட்ட முதல் ஹார்ன். அதைக் கேட்டு டீக்கடைகளில் எழுந்து நின்றார்கள்.

"கோட்டு எங்க அம்மிணி?" என்றார் தங்கவேல், பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து. அவர் பின்னால் ஊரே இறங்கியது. யாரும் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, எல்லாரும் வைத்த பொருளை வைத்த இடத்தில் காணாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

அவள் பையிலிருந்து கோட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. யாராவது போட்டுட்டு ஓட்டுங்க. நான் வேலைக்குப் போகணும்."

ஒரு கையும் நீளவில்லை. தங்கவேல் தன் சட்டைப் பித்தானைப் பார்த்தார். பூ மூட்டைக்காரி கீழே பார்த்தாள். போட்டுக்கொள்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, முன்னால் பனியும் ரோடும்தான் தெரியும், பார்க்க வேண்டுமென்றால் பின்னால் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு ஊரே இருந்தது, போட்டுக்கொள்ள ஆளில்லை.

"நீ போட்டாத்தான் கண்ணு அமைப்பா இருக்குது" என்றார் ஒருத்தர்.

அன்றைக்கும் அவளே போட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த நாளும்.

பொங்கல் முடிந்து தை பாதியில், ஒரு நாள் ராத்திரிச் சோற்றின்போது இதை அம்மாவிடம் சொன்னாள். குறை சொல்வதற்காக இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். "ஒருத்தரும் போட்டுக்க மாட்டேங்கறாங்க. எல்லாரும் பாத்தாச்சு, கண்டக்டர் பாத்தாச்சு, புஷ்பராணியக்கா பாத்தாச்சு, நீ பாத்தாச்சு. நான் மட்டும் ஒரு தரங்கூடப் பாத்ததில்ல."

அம்மா கை கழுவிவிட்டு வந்து கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். தோளுக்கு நேரே பிடித்து அளந்து பார்த்தாள்.

"நாளைக்கு நான் போட்டுக்கறேன். நீ பாரு."

"உனக்கு சைக்கிள் வருமா?"

"மில்லுக்குப் போனப்ப நான் ஓட்டாத சைக்கிளா? உங்கப்பனயே டபுள்ஸ் வெச்சிருக்கறேன்."

விடியலில் அம்மா தமயந்தியின் சைக்கிளில் ஏறினாள். புடவையைத் தூக்கிச் செருகி, மஃப்ளருக்கு மேலே கோட்டை மாட்டி, முதல் வளைவு வரைக்கும் கோணலாகப் போய், அப்புறம் நேரானாள். கோகிலவாணி பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கி, தன் வெள்ளை லைட்டைக் கழற்றி அதில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். லைட்டு தரையைப் பார்த்தபடி இருந்தது. ஊர் மகளுக்கு வழிவிட்டு, அவளுக்கும் பின்னால் வந்தது, இன்றைக்கு முறை அவளுடையது என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

குளக்கரையில் பனி அடையாக நின்ற இடத்தில் அவள் லைட்டை நிமிர்த்தினாள்.

தான் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் நிறைய யோசித்து வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் யாரோ இருக்கிறார்கள், தனக்கு யாருமே தெரியாமல் வெறும் கோட்டு தெரிந்தால் என்ன செய்வது என்றுகூடப் பயந்திருந்தாள். முன்னால் தமயந்தி போய்க்கொண்டிருந்தாள். ஒற்றைச் சடை, நுனியில் ரப்பர் பேண்டு, ரிப்பனுக்கு எப்போதும் சோம்பல். இடது செருப்பின் குதிகால் தொங்கத் தொங்க, அந்தக் கழுதை என்றைக்குத்தான் செருப்பை ஒழுங்காகப் போட்டது, மிதிக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் செருப்பு தட்டென்று அடித்தது. காலி கேரியர். அந்தக் கேரியரில்தான் கோகிலவாணி பள்ளிக்கூடம் போய் வந்தாள், அந்த முதுகில் கன்னத்தை வைத்துப் பாதி வழி தூங்கியிருக்கிறாள், அக்கா போன அன்றைக்கு அம்மா கதவைச் சாத்தியபோது உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டதும் அவள்தான், அம்மா போடச் சொன்னாள், போட்டாள். சைக்கிள் நமக்கு வந்துவிட்டது என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டும் தூங்கினாள். அக்காவைத் தேடவேயில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

பனிக்குள் அந்த முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. விட்டால் போய்விடும் போலிருந்தது.

"அக்கா" என்று கத்தினாள்.

ஊர் மூச்சை இழுத்துப் பிடித்தது. முன்னால் போன சைக்கிள் நெளிந்தது, ஹேண்டில்பார் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போனது, போனவள் ரோட்டோரப் புல்லில் விழுந்தாள். கோகிலவாணி வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்தவள் மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

அம்மா.

கோகிலவாணியின் முகம் இறங்கியது. இறங்கக் கூடாது என்று நினைத்தாள், நினைப்பதற்குள் இறங்கிவிட்டது. அம்மா உட்கார்ந்தபடியே அந்த முகம் முழுக்க இறங்கி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"நான் பாக்கறப்பவுமா?"

"நீ பாக்கறப்பதான் இன்னும் எச்சு."

அம்மாவின் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது, மஃப்ளர் நுனியால் ஒற்றினாள். அப்புறம் எழுந்து, கோட்டைக் கழற்றி, நடுரோட்டுத் தடுப்புக் கம்பியில், காயப் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு மாட்டினாள். தங்கவேலும் கண்டக்டரும் மற்றவர்களும் இறங்கி வந்து நின்றார்கள்.

"பாக்கணும்னா மொற வெச்சுப் போட்டுக்கங்க" என்றாள் அவர்களிடம். "எம்புள்ளைக்கு வேற சோலி இருக்குது." பிறகு இவளிடம், "சரவணம்பட்டிக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"

"கம்பெனி தாண்டிக் கணபதி வழியாத்தான். முட்டி?"

"முட்டி எங்கயும் போகாது. நட."

யார் முதலில் கோட்டை எடுத்தார்கள் என்று அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வெகுதூரம் போன பிறகு பின்னால் பஸ் நகர்கிற சத்தம் கேட்டது, மெதுவாக, எதன் பின்னாலோ போகிற மாதிரி. தங்கவேல் பஸ்ஸில் இருந்தாரா, சைக்கிளில் இருந்தாரா தெரியாது. ஆவாரம்பாளையத்தில் கம்பெனி கேட்டைக் கடந்தபோது புஷ்பராணி கையில் டிபன் பாக்ஸோடு வாயைத் திறந்து, கூப்பிடாமல் மூடிக்கொண்டாள். கணபதிக்கு வருவதற்குள் விடிந்துவிட்டது. வேண்டியதில்லை என்றாலும் கோகிலவாணி லைட்டை அணைக்கவில்லை.

முகவரி அவளுக்குத் தெரியும். தெரிந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

தகரக் கேட்டுப் போட்ட ஒரு வரிசை வீடு. கேட்டுக்கு வந்ததும் அம்மா சைக்கிளை நிறுத்தி இறங்கி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா பண்ற?"

"தெருவே கேக்கச் சொன்ன வார்த்தடி. நானாத் திரும்ப மாட்டேன்."

"அப்ப எதுக்கு வந்த?"

"கேட்டத் தட்டு."

தட்டினாள். தட்ட வேண்டிய அவசியம் இல்லை, தமயந்தி குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. தங்கையைப் பார்த்தாள், தங்கைக்கு அந்தப் பக்கம் மண் ஒட்டிய ஒரு முதுகைப் பார்த்தாள். அதில் பட்டையும் கிடையாது கோட்டும் கிடையாது, வெயில் மட்டும் விழுந்திருந்தது. வாயில் நுரை இருந்ததால் கூப்பிட முடியவில்லை. துப்பினாள், கொப்பளித்தாள், நைட்டி தோளில் வாயைத் துடைத்தாள், எதற்கும் அவசரப்படவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அம்மாவைச் சுற்றி நடந்து, ரோட்டில் இறங்கி, நேர் எதிரே போய் நின்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொள்வாள் என்று கோகிலவாணி நினைத்தாள். மூடவில்லை. தமயந்தி கொஞ்சம் பெருத்திருந்தாள், நெற்றியில் புதிதாக ஒரு தழும்பு இருந்தது, எப்படி வந்தது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது. அம்மா அந்தத் தழும்பையே பார்த்தாள். ஒரு பால்காரர் மூன்று பேரையும் வளைத்துக்கொண்டு போனார்.

"முட்டில ரத்தம் வருது" என்றாள் தமயந்தி கடைசியில். குரல் பல் தேய்த்தவர்களின் குரலாக இருந்தது. "உள்ள வா. மஞ்சத் தூள் இருக்குது."

அம்மா நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். தமயந்தி தன் பழைய சைக்கிளைப் பார்த்தாள், குனிந்து செயினை விரலால் தொட்டு, விரலை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள், பிறகு தங்கையின் முகத்துக்கு வந்தாள். அந்த முகத்தில் அவள் வேறு யாரையும் தேடுகிற மாதிரித் தெரியவில்லை.

"ஏன்டி கோகி" என்றாள், "செயினுக்கு எண்ண விடறதே இல்லியா? மூக்கு வேற இன்னும் ஒழுகிட்டே இருக்குது. வண்டிய உள்ள தள்ளு, வெளிய விட்டா இந்தத் தெருவுல நிக்காது."

கோகிலவாணி மூக்கைச் சிந்திக்கொண்டு வண்டியை உள்ளே தள்ளினாள்.